தந்தையின் பதக்கமும் மைந்தரின் பெருமையும்

போருக்குச் சென்று மீண்ட முதியவர் ஒருவர் இல்லத்தில் இருப்பின், அவரைக் குறித்து மக்களும் பேரரும் பெருமை கொள்வது தகுமா, தகாதா? கொல்லாமையை முதற் சீலமாக ஏற்றுக்கொண்ட நம்மவரிடையே இவ்வினா என்றேனும் ஒருநாள் எழத்தான் செய்யும். சென்ற டிசம்பர் 16ஆம் நாள், பெங்களூர் அல்சூர் ஏரிக்கு அண்மையிலுள்ள ஓர் இல்லத்தில் அஃது எழுந்தது. விடை கூறக் கடமைப்பட்ட நாம் வாயடைத்து நின்றோம்.

அவ்வில்லத்துப் பெரியவர் ‘மெட்ராஸ் சாப்பர்ஸ்’ எனப்படும் பொறியாளர் படையில் பணியாற்றியவர். அப்படையினருக்குத் ‘தம்பி’ என்ற செல்லப்பெயர் உண்டென்பதை வாசகர் பலர் அறிவர். 1971ஆம் ஆண்டுப் போரில், மேற்கு முனையில், சகர்கர் பகுதியில் பசந்தர் ஆற்றையொட்டிய கண்ணிவெடி வயல்களின் ஊடே டாங்கிகளுக்கு வழி திறந்தவருள் அவரும் ஒருவர். இன்று அகவை எழுபத்தெட்டு. மூத்த மகனார் தந்தையின் பதக்கங்களைக் கண்ணாடிப் பேழையில் அமைத்துக் கூடத்துச் சுவரில் மாட்டி, பகவன் திருவுருவின் முன் விளக்கேற்றி, நான்கு வார்த்தை பேசுமாறு நம்மை அழைத்திருந்தார். திரிசரணமும் பஞ்சசீலமும் ஓதி முடிந்தன. நாம் பேச எழுமுன், கல்லூரியில் பயிலும் பேரன் கேட்டான்: “ஐயா, உயிர்க்கொலை செய்யோம் என்று இப்போதுதானே சொன்னோம்? சொன்ன வாய் மூடுமுன் இதற்குக் கைகூப்புவது எப்படி?” மகனாரின் முகம் கறுத்தது. “தாத்தா பட்டாளத்துக்குப் போகாவிட்டால் நீ கல்லூரி வாசலை மிதித்திருப்பாயாடா?” என்று உரத்துக் கேட்டார்.

இருவர் சொல்லிலும் மெய் உண்டு. மகனாரின் சொல்லை எளிதில் தள்ளிவிட இயலாது. பாபாசாகேப் அம்பேத்கர் 1891இல் பிறந்தது மோவ் என்னும் இராணுவ முகாமில். தந்தையார் ராம்ஜி சக்பால் படையில் சுபேதார். படைப் பள்ளியில் ஆசிரியராகவும் இருந்தவர். ஊர்ப் பள்ளி நம்மைத் திண்ணைக்கு வெளியே நிறுத்திய நாளில் பாசறைப் பள்ளி உள்ளே உட்கார வைத்தது. ஆகவேதான் மகர் மக்களைப் படையிற் சேர்ப்பதை வெள்ளை அரசு சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டின் இறுதியில் நிறுத்தியபோது அச்சமூகம் அத்துணைத் துயருற்றது. பறிபோனது துப்பாக்கி மட்டுமன்று. எழுத்தும், மாதச் சம்பளமும், தெருவில் செருப்பணிந்து நடக்கும் துணிவும் உடன் போயின. 1941இல் மகர் ரெஜிமெண்ட் அமையும்வரை அக்குறை தீரவில்லை. தென்னாட்டிலும் நம் முன்னோர் பலருக்குச் சோறிட்ட மெட்ராஸ் பயனீர் படை 1933இல் கலைக்கப்பட்டது. சீருடை அணிந்து ஊருக்குள் வந்தவனை ‘அடே’ என அழைக்க நாவெழாமல் நின்றவர்களை நம் பாட்டன்மார் கண்டிருக்கின்றனர். அக்காட்சியை எண்ணி மகிழ்வது பாவம் எனக் கூற நாம் துணியோம்.

எனினும் பேரனின் வினா அப்படியே நிற்கிறது. சம்யுத்த நிகாயத்தில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. போர்வீரர் தலைவன் ஒருவன் பகவனிடம் வந்து, களத்தில் பொருது மடிபவன் தேவருலகம் புகுவான் எனத் தன் குல முன்னோர் கூறிவருவது மெய்யோ என வினவுகிறான். பகவன் ‘அதைக் கேளாதே’ என இருமுறை மறுக்கிறார். மூன்றாம் முறையும் வற்புறுத்தியதனாலேயே, பிறர் மாய வேண்டும் என்று நினைந்து பொருதும் மனம் தாழ்ந்த மனம். அதனோடு இறப்பவன் அடைவது தேவருலகம் அன்று என்கிறார். அவன் அழுகிறான். பகவன் சொன்னதற்காக அழவில்லை. தலைமுறை தலைமுறையாகத் தன் முன்னோர் தன்னை ஏமாற்றி வந்தனரே என்று அழுகிறான்.

இதைப் பலமுறை பிரசங்கித்திருக்கிறோம். ஆயினும் பகவன் இருமுறை மறுத்தார் என்னும் பகுதியை விரைந்து கடந்துபோவதே நம் வழக்கம். உண்மை தெரிந்தவர், கேட்டவன் மனம் நோகுமே என்று தயங்கினார். அன்று அக்கூடத்தில் தயங்காதவர் நாங்கள் மூவர்: குற்றம் கண்ட பேரன், புகழ் பாடிய மகன், இவ்விருவருக்கும் தீர்ப்பளிக்கச் சூத்திரம் தேடிக்கொண்டிருந்த நாம். நாற்காலியில் அமர்ந்திருந்த பெரியவரை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. புறநானூற்றிலும் இக்குறை உண்டு. மகன் புறமுதுகிட்டான் எனக் கேட்டுச் சினந்த முதிய தாய், அவன் முகம் கொடுத்தே மாண்டான் எனக் கண்டு களித்ததைப் புலவர் போற்றுகின்றனர். அம்மைந்தன் மனத்தில் யாது இருந்தது என்பது பாட்டில் இல்லை.

தறிக்கூடத்து இரைச்சலில் இருபது ஆண்டு நின்றவர் நாம். அங்கே காது பயன்படாது. உதட்டசைவைக் கொண்டே பேச்சை அறிவோம். அப்பழக்கம் அன்று உதவியது. மகனாரின் குரலுக்கு இடையே பெரியவரின் உதடு அசைந்தது. ‘ஒன்று குறைந்தது’ என்பதே அச்சொல். “என்ன ஐயா குறைந்தது?” என்று அருகே சென்று கேட்டோம்.

வெகுநேரம் கழித்தே சொன்னார். போர் 1971 டிசம்பர் 17ஆம் நாள் நின்றது. பிடித்த நிலத்தைக் காக்க அவர்களும் கண்ணிவெடி புதைத்திருந்தனர். 1972 ஜூலை 2ஆம் நாள் சிம்லா உடன்படிக்கை ஏற்பட்டது. நிலம் திருப்பித் தரப்பட வேண்டும். ஆகவே புதைத்ததைத் தாமே எடுத்தனர். “எண்ணிப் புதைத்தோம் தம்பி, எண்ணி எடுத்தோம். எங்கள் வரிசையில் ஒன்று குறைந்தது. மூன்று நாள் தேடினோம். மாடு மிதித்து வெடித்திருக்கும் என்று எழுதிக் கணக்கை முடித்தார்கள். பிறகு அந்த நிலத்துக்காரர்கள் ஏர் பூட்ட வந்திருப்பார்கள்.” அவ்வளவே சொன்னார்.

அரை நூற்றாண்டாக அவ்வீட்டில் இதை அறிந்தவர் எவரும் இலர். பதக்கத்தைப் பற்றிக் கேட்டவர் பலர். டாங்கியைப் பற்றிக் கேட்டவர் பலர். வீரர் என்று நாற்புறமும் புகழப்படுபவர் தம் உறுத்தலை எவரிடம் இறக்கிவைப்பார்? கலிங்கத்தில் ஓரிலட்சம் பேர் மாண்டதற்கு வருந்தி அசோக மன்னர் பாறையில் எழுதுவித்தார். தம் மைந்தரும் அவர்தம் வழியினரும் புதிய வெற்றியை நாடற்க என்றும் அதிலேயே பொறித்தார். ஆயினும் கலிங்க நாட்டுத் தௌலியிலும் ஜௌகடாவிலும் அச்சாசனம் இல்லை. துன்புற்றவர் முன்னிலையில் மட்டும் அவருக்குச் சொல் எழவில்லை போலும். நம் பெரியவருக்கோ தம் சொந்த வீட்டிலேயே சொல் எழவில்லை. அவர் வாயை அடைத்தது மக்களின் அன்பு.

அன்று நாம் பிரசங்கம் செய்யவில்லை. பேழை சுவரிலேயே இருந்தது. அதைக் கழற்றுமாறு நாமும் சொல்லவில்லை, பேரனும் கேட்கவில்லை. அவன் பாட்டனின் காலடியில் அமர்ந்து, அது எந்த ஊர் வயல், கிணறு எப்பக்கம், வரிசை எங்கே தொடங்கியது என்று ஒவ்வொன்றாய்க் கேட்டான். மகனார் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த பௌர்ணமியன்று பெரியவர் பேரனின் தோளைப் பற்றிக்கொண்டு விகாரைக்கு வந்தார். அன்னதானத்துக்குப் பணம் வைத்தார். புண்ணியம் யார் பெயருக்கு என்று, வழக்கம்போல் ஏட்டைத் திறந்து கேட்டோம். “பெயர் தெரியாது தம்பி. அந்த நிலத்துக்காரர் என்று எழுதுங்கள்” என்றார். அவ்வாறே எழுதினோம்.