சொல்லாத குறை

பொய் சொல்வது தவறு என்று சின்ன வயதிலேயே எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்லாமல் சும்மா இருந்துவிடுவது தவறா, இல்லையா என்பதை எந்த வாத்தியாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அதை நான் கற்றுக்கொண்டது ஒரு பழைய மோட்டார் காரிடம். சம்பளம் கொஞ்சம் அதிகம் வாங்கிய வாத்தியார்தான். ஆனால் பாடம் மறக்கவில்லை.

எங்கள் வீட்டில் கார் வேண்டும் என்ற பேச்சு இரண்டு வருஷமாக நடந்து வந்தது. புதுக் கார் வாங்கப் பணம் இல்லை. பழைய கார் வாங்கத் தைரியம் இல்லை. எனக்கு மோட்டார் சாஸ்திரம் தெரியாது. பானெட்டைத் திறந்தால் உள்ளே இருப்பதெல்லாம் ஒரே கறுப்பாகத்தான் தெரியும். என்னைப் போன்றவர்களுக்காகவே இப்போது பெரிய வியாபாரிகள் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். பழைய வண்டிகளை வாங்கி, தாங்களே சோதித்து, சர்டிபிகேட் கொடுத்து விற்கிறார்கள். நான் போன கடையில் 140 அம்சங்களைப் பார்த்ததாக ஒரு பத்திரம் தந்தார்கள். ஹாரன் ஒலிக்கிறதா, கண்ணாடி இறங்குகிறதா, விளக்கு எரிகிறதா என்று 140 வரிகள். வரிக்கு ஒரு பச்சை டிக். இஞ்சினுக்கு நேரே 'நன்று' என்று போட்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் ஒரு நாளும் எனக்குக் கிடைக்காத மார்க்கு! 4,20,000 ரூபாய் கொடுத்து வாங்கி வந்தோம்.

மூன்று மாதம் சேலத்துக்குள்ளேயே ஓடிற்று. ஒரு குறையும் தெரியவில்லை. கோடை விடுமுறைக்குப் பேத்தி வந்தாள். ஏற்காடு பார்க்க வேண்டும் என்றாள். அந்த மலைப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. பாதி வளைவுகள் தாண்டியிருப்போம். சூட்டைக் காட்டும் முள் மெல்ல மெல்ல மேலே ஏறிச் சிவப்பைத் தொட்டது. பானெட் இடுக்கிலிருந்து ஆவி வந்தது. ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கினேன். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம். பின் ஸீட்டில் பேத்தி தண்ணீர்ப் பாட்டிலை அணைத்துக்கொண்டு, "தாத்தா, கார் அழுவுதா?" என்று கேட்டாள். இஞ்சின் ஆறுகிற வரைக்கும் காத்திருந்து, அந்தப் பாட்டில் தண்ணீரையும் ரேடியேட்டரில் ஊற்றி, ஏற்காட்டைப் பார்க்காமலே கீழே இறங்கினோம்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு மெக்கானிக் இருக்கிறார். எல்லோரும் அவரை 'பாய்' என்றுதான் கூப்பிடுவார்கள். இஞ்சின் நன்றாகக் குளிர்ந்த பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிட்டு, ஸ்டார்ட் செய்யச் சொன்னார். தண்ணீரில் குமிழி குமிழியாக வந்தது. ஆயில் மூடியைத் திருகி எடுத்து அடிப்பக்கத்தைக் காட்டினார். மோர்க்குழம்பு மாதிரி வெளுப்பாக ஏதோ அப்பிக்கொண்டிருந்தது.

"இஞ்சினுக்குக் கீழ்ப்பாதி, மேல்பாதின்னு ரெண்டு உண்டு சார். நடுவிலே ஒரு தகடு இருக்கும். ஹெட் கேஸ்கட். நெருப்பு, தண்ணி, ஆயில் மூணும் அதது வழியிலே போறது அந்தத் தகடு இருக்கிறதாலேதான். அது போயிடுச்சு."

"மலை ஏறினதால் போய்விட்டதா, பாய்?"

அவர் பதில் சொல்லாமல் ரேடியேட்டர் வாய்க்குள் விரலை விட்டுச் சுரண்டி எடுத்தார். விரல் நுனியில் பழுப்பாகச் சேறு.

"இது மருந்து சார். ஒழுக்கை அடைக்கிற மருந்து. யாரோ ஊத்தி அடக்கி வெச்சிருக்காங்க. ஊருக்குள்ளே மெதுவா ஓட்டினா தெரியாது. மலையிலே பாரம் இழுக்கிறப்போ காட்டிக் கொடுத்திடும். நீங்க வாங்கும்போதே இருந்த வியாதி."

கடைக்குப் போனேன். மானேஜர் மிகவும் மரியாதையானவர், காப்பி வரவழைத்தார். பத்திரத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்துக் காட்டினார். சோதனை செய்த தேதியில், இஞ்சினைப் பிரிக்காமல், பார்வைக்குத் தெரிந்த நிலையை மட்டுமே சர்டிபிகேட் குறிக்குமாம். அவர்கள் கொடுத்த உத்தரவாதத்திலும் கேஸ்கட் வகையறா சேராதாம். அவருக்கு இந்தக் குறை முன்பே தெரியுமா? மருந்தை ஊற்றியவர் பழைய சொந்தக்காரராக இருக்கலாம். நடுவில் கை மாற்றியவராக இருக்கலாம். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமே என்பீர்கள். போகலாம், 2019-ஆம் வருஷத்துச் சட்டம் அதற்காகத்தான் இருக்கிறது. ஆனால் நான் இங்கே சொல்ல வந்த வழக்கு கடைக்காரர்மேல் அல்ல. அது வேறு ஒருவர்மேல்.

பாய் கணக்குப் போட்டார். ஹெட்டைக் கழற்றி, சமமாகச் சீவி, புதுக் கேஸ்கட் போட்டு முடிக்க 32,000 ரூபாய். என் முகத்தைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இல்லேன்னா, அதே மருந்து 500 ரூபாய்தான் சார். ரெண்டு மூணு மாசம் தாங்கும். அதுக்குள்ளே தள்ளிவிட்டுடுங்க. உங்க கையிலேதான் சர்டிபிகேட் இருக்கே" என்றார்.

பாய் கெட்ட மனுஷர் அல்ல. என்மேல் இருந்த பிரியத்தினால் சொன்னார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: நான் ஊற்றச் சொன்னேன். 'என்னை ஒருவன் ஏமாற்றினான். அந்த நஷ்டத்தை நான் ஏன் சுமக்க வேண்டும்?' என்று அப்போது மனசுக்குள் ஒரு நியாயம் பேசிற்று. யாரிடம் இழந்தோமோ அவனிடம் வசூல் செய்ய முடியாதபோது, அகப்பட்டவனிடம் வசூல் செய்வதைத்தான் அந்த நியாயம் சொல்கிறது என்பது அப்போது உறைக்கவில்லை.

வக்கீல் சிநேகிதர் ஒருவரிடம், வேறு யாருடைய விஷயத்தையோ கேட்பதுபோலக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தை எடுத்துப் 17-ஆவது பிரிவைக் காட்டினார். இன்றைக்கும் நடப்பில் உள்ள சட்டம் அது. அதில் ஓர் உதாரணம் இருக்கிறது. ஒருவன் தன் குதிரையை ஏலத்தில் விற்கிறான். குதிரைக்குச் சீக்கு என்பது அவனுக்குத் தெரியும். வாங்குகிறவனிடம் வாயைத் திறக்கவில்லை. அது மோசடி ஆகாது. அடுத்த உதாரணத்தில், வாங்குகிறவள் அப்போதுதான் வயது வந்த அவனுடைய சொந்த மகள். அப்படியானால் சொல்வது அவன் கடமை. இன்னோர் உதாரணத்தில், வாங்குகிறவன், "நீ மறுக்காவிட்டால் குதிரை நன்றாக இருக்கிறது என்றே எடுத்துக்கொள்வேன்" என்கிறான். அப்போது மௌனமே பேச்சுக்குச் சமம்.

நான் முதல் உதாரணத்தோடு நிறுத்திக்கொண்டு சந்தோஷமாக வீடு திரும்பினேன். மனிதன் தனக்கு வேண்டிய பக்கம் வந்ததும் புத்தகத்தை மூடிவிடுகிறான்.

விளம்பரம் பார்த்து ஓர் இளைஞர் வந்தார். கூட மனைவி, ஐந்து வயதுப் பையன். ஏற்காட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியராம். மனைவிக்குச் சேலத்தில் வேலை. தினமும் மலை ஏறி இறங்க வேண்டும். 'ஏற்காடு' என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு வயிற்றில் என்னமோ செய்தது. பையன் கதவைத் திறந்துகொண்டு பின் ஸீட்டில் ஏறி, என் பேத்தி உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்தான். ஆசிரியர் 140 வரிகளையும் விரல் வைத்துப் படித்தார்.

"சர்டிபிகேட் உள்ள வண்டிங்கிறதாலேதான் சார் வந்தேன். நமக்கு இதெல்லாம் என்ன தெரியும்?"

"நான்கூட இந்தப் பத்திரத்தைப் பார்த்துத்தான் வாங்கினேன்" என்றேன்.

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. என் ஆயுளில் நான் சொன்ன பொய்களிலெல்லாம் பெரிய பொய் அதுதான்.

அவர் முன்பணமாக 10,000 ரூபாயை எண்ணத் தொடங்கினார். நோட்டுகள் கைமாறுவதற்குள் எனக்கு அந்த வளைவும், ஆவியும், "கார் அழுவுதா" என்ற குரலும் நினைவுக்கு வந்துவிட்டன. எல்லாவற்றையும் சொன்னேன், மருந்து ஊற்றியதையும் சொன்னேன். அவர் பணத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஏன் சார் இதை முன்னாடியே சொல்லலே?" என்று கேட்டார். பையனை இறக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

உண்மையைச் சொன்னதற்கு ஒரு நன்றியாவது கிடைக்கும் என்று உள்ளூர எதிர்பார்த்திருந்தேன் போலிருக்கிறது. கிடைத்தது அந்தக் கேள்விதான், நியாயமான கேள்வி.

இது புதிய கேள்வியும் அல்ல. கி.மு. 44-இல் ரோமானியரான சிசரோ தம் மகனுக்காகக் கடமைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்ஸாண்டிரியாவிலிருந்து ஒரு வியாபாரி தானியக் கப்பலோடு வந்து சேருகிறான். பின்னாலேயே பல கப்பல்கள் வருகின்றன என்பது அவனுக்குத் தெரியும், ஊராருக்குத் தெரியாது. அதை அவன் சொல்ல வேண்டுமா? சொல்லாமல் இருப்பது வேறு, மறைப்பது வேறு என்று டயோஜினிஸ் என்ற தத்துவ ஞானி வாதிக்கிறார். விற்கிறவனுக்குத் தெரிந்ததெல்லாம் வாங்குகிறவனுக்கும் தெரிய வேண்டும் என்கிறார் அவருடைய சீடர் ஆண்டிபேட்டர். சிசரோ சீடர் பக்கம் தீர்ப்புச் சொல்கிறார். எல்லா மௌனமும் மறைப்பு ஆகாதாம். ஆனால் எதைத் தெரிந்துகொள்வதில் மற்றவனுக்கு நன்மை இருக்கிறதோ, அது அவனுக்குத் தெரியாமல் இருக்க வேண்டும் என்று நம் லாபத்துக்காக விரும்பினோமானால், அதுதான் மறைப்பு.

இந்த உரைகல்லில் என்னை உரசிப் பார்த்தேன். விற்பதற்கு முன் நூறு விஷயங்களை நான் சொல்லாமல் விட்டிருப்பேன். வண்டியில் எங்கே போனோம், ஸீட்டில் எதைக் கொட்டினோம் என்பதையெல்லாம் யாரும் சொல்வதில்லை. அவற்றில் தவறில்லை. அந்த ஒன்றைப் பற்றி மட்டும் 'இவருக்குத் தெரியாமல் இருக்க வேண்டுமே' என்று என் மனசு பிரார்த்தனை செய்துகொண்டிருந்தது. அந்தப் பிரார்த்தனைதான் குற்றம். வாய் பேசிற்றா, மூடியிருந்ததா என்பது அப்புறம்.

இன்னொன்றும் புரிந்தது. காருக்கு நான் சொந்தக்காரன் ஆனது பணம் கொடுத்த அன்று. அதன் குறைக்குச் சொந்தக்காரன் ஆனது பாய் விரல் நுனியைக் காட்டிய அன்று. அதுவரைக்கும் நான் ஏமாந்தவன். தெரிந்துகொண்ட அந்த நிமிஷத்திலிருந்து, அடுத்தவனை ஏமாற்றுவதா, வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவன். ஏமாந்தவனுக்கும் ஏமாற்றுகிறவனுக்கும் நடுவே ஒரு தகட்டு அளவு கனம்தான் இருக்கிறது. அதுவும் எளிதில் கிழிந்துபோகிற தகடு.

உங்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வந்தவர் ஏற்காட்டுக்காரராக இல்லாமல், ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறவராக இருந்திருந்தால், பையனும் கூட வராமல் இருந்திருந்தால், நான் சொல்லியிருப்பேனா? சொல்லியிருப்பேன் என்று அடித்துப் பேச எனக்குத் தைரியம் இல்லை. சட்டத்தில் வரும் மகளைப்போல அந்தப் பையன் எனக்கு உறவாகத் தெரிந்தான். அதனால் வாய் திறந்தது. உறவாகத் தெரியாதவர்களிடமும் திறக்க வேண்டும் என்பதுதான் தர்மம். அவ்வளவு தூரம் நான் இன்னும் போய்ச் சேரவில்லை.

அதன் பிறகு இரண்டு பேர் வந்தார்கள். வாசலிலேயே குறையைச் சொல்லிவிட்டேன். இருவரும் திரும்பிப் போனார்கள். ஒருவர், "தானாகவே ஒரு குறையைச் சொல்கிறார் என்றால் உள்ளே இன்னும் பத்து இருக்கும்" என்று பக்கத்து வீட்டில் சொன்னாராம். எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்தால் அவர் பேச்சிலும் பொருள் இருந்தது. ஜார்ஜ் அகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1970-இல் பழைய கார்ச் சந்தையை வைத்தே ஒரு கட்டுரை எழுதினார். 2001-இல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவர் ஒருவர். குறை விற்கிறவனுக்குத் தெரியும், வாங்குகிறவனுக்குத் தெரியாது. ஆகவே வாங்குகிறவன் எல்லா வண்டிக்கும் நடுத்தரமான ஒரு விலையே தருவான். நல்ல வண்டிக்காரனுக்கு அது கட்டாது. அவன் சந்தையை விட்டு விலகுவான். கெட்ட வண்டிகள்தான் மிஞ்சும். இதற்கு மாற்றாக உத்தரவாதங்களும் பேர்பெற்ற கடைகளும் ஏற்பட்டிருக்கின்றன என்று அவரே காட்டுகிறார். என் சர்டிபிகேட்டும் அந்த மருந்துகளில் ஒன்றுதான். ஆனால், சோதித்தவர் கண்டதை எழுதாமல், கேட்ட கேள்விக்கு மட்டும் டிக் போட்டுவிட்டு நகர்ந்தால், அந்த மருந்தும் ரேடியேட்டரில் ஊற்றிய மருந்துபோலத்தான். கொஞ்ச நாள் அடைக்கும்.

கடைசியில் வண்டியைப் பாயிடமே விட்டேன். 32,000 என்றவர் 38,000 வாங்கினார். நான் ஊற்றச் சொன்ன மருந்து ரேடியேட்டரையும் அடைத்துவிட்டதாம். அந்த 6,000 ரூபாயைப் பற்றி நான் யார்மேலும் புகார் சொல்ல முடியாது.

விற்கிற எண்ணத்தை விட்டுவிட்டேன். பேத்தியை ஏற்காட்டுக்கு அழைத்துக்கொண்டு போய் வந்தாயிற்று. சர்டிபிகேட் இன்னும் வண்டிக்குள்ளேதான் இருக்கிறது. 140-ஆவது வரிக்குக் கீழே, கேஸ்கட் கிழிந்திருந்ததையும், இரண்டு தடவை மருந்து ஊற்றியதையும், அதில் ஒரு தடவை நானே ஊற்றியதையும், பிறகு பழுது பார்த்ததையும் பேனாவால் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். என்றைக்காவது ஒரு நாள் இந்த வண்டியை வாங்க ஒருவர் வருவார். அவர் மலை ஏறுகிறவரா, ஊருக்குள் ஓட்டுகிறவரா, குழந்தையோடு வருவாரா, தனியாக வருவாரா என்பது எனக்குத் தெரியாது. அன்றைக்கு என் தைரியம் எப்படி இருக்குமோ, அதுவும் தெரியாது. அதனால்தான் இப்போதே எழுதி வைத்துவிட்டேன்.