விதைநெல்லும் விளைநிலமும்

சென்ற ஆவணி மகத்தன்று காட்டாங்குளத்தூரில் அன்பர் சிலர் கூடி இளையான்குடிமாற நாயனார் புராணம் படிக்கக் கேட்டிருந்தோம். முடிவில் உழவர் குடியிற் பிறந்த இளைஞர் ஒருவர் எழுந்து, "ஐயா, பட்டினி கிடப்பினும் விதைநெல்லைத் தொடலாகாது என்பது எங்கள் பாட்டனார் சொல். நாயனாரோ விதைத்த நெல்லையே வாரிவந்து சமைப்பித்தார். அது அறமாயின், நாளைக்கு வைப்பதனை இன்றே உண்ணும் எங்களைப் பெரியோர் கடிதல் எங்ஙனம்?" என வினவினார். யான் அன்று கூறிய விடை எனக்கே நிறைவு தந்திலது. ஆதலின் அதனை ஈண்டு ஆராயப் புகுகின்றேன்.

வினா எழுந்த இடத்தையும் நோக்குதல் வேண்டும். காட்டாங்குளத்தூர் என்னும் பெயரிலேயே குளம் உளது. செங்கற்பட்டுச் சீமையை ஏரி மாவட்டம் என்றே வழங்குவர். மழைநீரை ஏரிகளில் தேக்கிச் சொர்ணவாரி, சம்பா, நவரை எனப் பருவந்தோறும் நெல் விளைத்த நாடு இது. என் இளமையில் இருப்புப்பாதையின் இருமருங்கும் வயல்கள் கிடந்தன. இன்று தாம்பரம் முதல் செங்கற்பட்டு வரை அவற்றுட் பல வீட்டு மனைகளும் கல்லூரிகளும் தொழிற்சாலைகளும் ஆயின. ஏரி உளது, அது பாய்தற்கு வயல் இல்லை. பாய வயலில்லாத ஏரியைத் தூர்வாருவார் யாவர்? கடன் தீர்க்கவும் மகளை மணஞ்செய்து கொடுக்கவும் நிலத்தை விற்றவரை யான் பழிக்கின்றிலேன். யான் குடியிருக்கும் மனையும் முன்னாள் வயலே.

இனி நாயனார் செயலை நோக்குவாம். அடியார்க்கு அமுதளித்தே செல்வம் சுருங்கியவர் அவர். மழை பெய்யும் நள்ளிரவில் அடியவர் ஒருவர் வந்தனர். மனையில் ஒன்றும் இல்லை. மனைவியார் நினைவூட்ட, அன்று விதைத்த நெல்முளையை இருளிற் காலால் தடவிச் சென்று வாரிக் கூடையிற் சுமந்து வந்தார். அடுப்பெரிக்க மனையின் கூரையையே அறுத்தார். இங்குக் கருதத்தக்கன மூன்று. எடுத்தது தம் உடைமை, இழந்தவரும் தாமே. எடுத்தது தமக்கன்று, பசித்து வந்த விருந்திற்கு. மூன்றாவது பலரும் நோக்காதது: அவர் வித்தை எடுத்தார், விளைநிலத்தை எடுத்திலர். வேறு வித்து வாய்க்குமேல் அவ்வயலில் மீண்டும் விதைக்கலாம். யாமோ ஏரியைத் தூர்த்து, வயலின்மேற் கல் பரப்பி, மண்ணின் உரத்தை உறிஞ்சி, வித்தையும் அதனை ஏற்கும் இடத்தையும் ஒருங்கே உண்கின்றோம். இழப்பவரோ இன்னும் பிறவாதவர். ஆதலின் நாயனார் செயல் நமக்கு மறைப்பாகாது.

அற்றேல், அரிசிதான் கடையில் உளதே, 2013-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டமும் உளதே, ஊர் வயல் எற்றுக்கு எனின், எல்லா ஊரும் இவ்வாறே கூறின் கடைக்கு அரிசி எவ்வூரினின்று வரும் என்க. சட்டம் உள்ளதனைப் பங்கிடும், இல்லதனை விளைக்காது.

புதிய வித்துக்களே பஞ்சத்தை நீக்கின, பழமை பேசுதல் பயனின்று என்பாரும் உளர். அவை பலர் பசி தீர்த்தமை உண்மை. அதனை மறைத்தல் நன்றியின்மையாம். ஆயினும் 1966-இல் வெளிவந்த ஐ.ஆர். 8 என்னும் புது நெல், இந்தோனீசியாவில் வழங்கிய நெல் ஒன்றும் தைவான் நாட்டுக் குட்டை நெல் ஒன்றும் கலந்து பிறந்ததே. பழைய வித்தினை எவரோ காத்து வைத்திராவிடிற் புதியது தோன்றுதற்கு வழியில்லை.

இனிச் சித்தாந்தங் கற்றாரே கூறும் தடை ஒன்று உண்டு. பின்வருவார் பசித்தல் அவரவர் வினைப்பயன். அதற்கு யாம் என் செய்வது என்பது அது. அற்றன்று. கொலையுண்டான் தன் ஊழால் இறந்தான் எனக் கூறிக் கொன்றவனை விடுப்பார் இலர். பசி ஊழான் வரினும், அதனை வருவித்தவன் தன் செயலால் ஆகாமியம் ஈட்டுவான். அன்றியும், பசி வினைப்பயன் என்று வாளாவிருத்தல் முறையாயின் அன்னதானமும் வேண்டா. நாயனார் மழையில் நனைந்திருக்கவும் வேண்டா. தனு கரண புவன போகங்களை இறைவன் தருவது உயிர்களின் மலநீக்கத்தின் பொருட்டு. பிறந்தார்க்கே அன்றிப் பிறக்கவுள்ளார்க்கும் இப்புவனமே இடம். முதற்பந்தியில் அமர்ந்தார் வயிறார உண்டல் குற்றமன்று. எழும்போது உலைப்பானையை உடைத்துச் செல்லுதலே குற்றம்.

முன்னோர் இதனை அறிந்திருந்தனர். பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள், 919, 921-ஆம் ஆண்டுகளிலேயே ஏரி வாரியம் என ஒரு குழு இருந்ததைக் காட்டுகின்றன. கும்பினியாரின் பொறியாளர் தாமஸ் பர்னார்டு 1767 முதல் 1774 வரை இச்சீமையின் ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். அக்கணக்குக்களில், விளைந்த நெல்லினின்று கோயிலுக்கும், ஊர்த்தொழிலாளர்க்கும், நீர்நிலை பேணுதற்கும் பங்கு ஒதுக்கப்பட்டமை காண்கின்றோம். சோறிடுதலும் ஏரி காத்தலும் ஒரே குவியலின் இரு பங்குகளாய் இருந்தன. இன்று முன்னதனை அறம் என்றும், பின்னதனை அரசின் வேலை என்றும் பிரித்து விட்டோம்.

ஆதலின் அன்னம் பாலிக்கும் மடங்களையும் அன்பர்களையும் வேண்டுவது ஒன்றே. குருபூசைச் செலவில் ஒரு பங்கினை அவ்வவ்வூர் ஏரிக்கும், செங்கல்பட்டுச் சிறுமணி போன்ற மரபு நெல்லை விதைக்காகக் காக்கும் உழவர்க்கும் ஒதுக்குக. அறக்கட்டளைக்குரிய வயல் ஏதேனும் எஞ்சியிருப்பின் அதனை வயலாகவே வைத்திருக்க.

அவ்விளைஞர்க்கு யான் அன்று கூறியிருக்கவேண்டிய விடை இதுவே: தம்பி, பாட்டனார் சொல்லும் நாயனார் செயலும் தம்முள் மாறுபட்டன அல்ல. தனக்காக விதையைத் தொடாதவனே பிறர்க்காக அதனை எடுத்தற்கு உரியவன்.