கண்ணாடி மாட்டிய சமையல்

பாங்காக்கின் மகாசாய் சாலையில் ஒரு சின்னக் கடை. வாசலை ஒட்டியே கரி அடுப்பு கனன்றுகொண்டிருக்கும். அதன் முன்னால், பனிச்சறுக்கு வீரர்கள் அணியும் பெரிய கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிற்கிறார், எழுபது வயதைத் தாண்டிய ஜே ஃபாய். வேடிக்கைக்காக அல்ல, தெறிக்கும் எண்ணெயிலிருந்து கண்ணைக் காக்கத்தான்.

வாணலியில் காயும் எண்ணெயில் அடித்த முட்டையை ஊற்றுகிறார். நடுவில் நண்டுச் சதையைத் தாராளமாக அள்ளி வைக்கிறார். கரண்டியால் எண்ணெயை வாரி வாரி விட்டு, பாய் சுருட்டுவதுபோல உருட்டி எடுக்கிறார். வெளியே மொறுமொறு, உள்ளே முழுக்க நண்டு. இதற்காகப் பல தேசத்துக்காரர்கள் மணிக்கணக்கில் காத்துக்கிடக்கிறார்கள்.

2017 டிசம்பரில், உணவகங்களுக்கு நட்சத்திரம் தந்து தரப்படுத்தும் மிஷெலின் கையேடு பாங்காக்குக்கு முதன்முறையாக வந்தபோது, இந்தக் கடைக்கும் ஒரு நட்சத்திரம் கிடைத்தது. அதற்கு முந்தைய ஆண்டே சிங்கப்பூரில், சோயா சாஸ் கோழிச் சோறு விற்ற ஓர் அங்காடிக் கடை அந்தப் பெருமையைப் பெற்றிருந்தது.

அங்கே அப்போது ஒரு தட்டு இரண்டு சிங்கப்பூர் வெள்ளிதான். ஜே ஃபாயின் ஆம்லெட்டோ மற்ற தெருக்கடைகளைவிடப் பல மடங்கு விலை. ஆனாலும் அத்தனை புகழுக்குப் பிறகும் அந்தக் கரி அடுப்பின் வெக்கையில் அவரே நின்று வேகிறாரே, அது சாமானியமா!