படத்திலுள்ள முகம் யாருக்குச் சொந்தம்?



எம்மவரிடையே ஒரு கொண்டாட்டம் நடந்ததா இல்லையா என்பதை இப்போது கமராதான் தீர்மானிக்கின்றது என்றால் மிகையாகாது. திருமணமாயினும் சாமத்தியவீடாயினும் அரங்கேற்றமாயினும், மண்டபத்துக்குச் சொல்லுமுன்பே படக்காரருக்குச் சொல்லிவிடுகின்றார்கள். ஐயர் பிந்தினால் பொறுத்துக்கொள்வார்கள். படக்காரர் பிந்தினால் தாலிகட்டே நிற்கும். (முகூர்த்தத்தை இப்போது நாங்கள் குறிப்பதில்லை, நீங்கள்தான் குறிக்கிறீர்கள் என்று ஐயர் ஒருவர் எம்மிடம் குறைப்பட்டதும் உண்டு.)

தொழிலால் நாம் கணக்காளர். வாரநாட்களில் பிறருடைய வரவுசெலவைப் பார்ப்பதும், சனி ஞாயிறுகளில் இலண்டனிலும் சுற்றுவட்டாரத்திலும் எம்மவர் விழாக்களில் படமெடுப்பதும் பல வருடங்களாக எமது சீவியமாகிவிட்டது. எந்த ஸ்ரூடியோவிலும் வேலைக்கு இல்லை. அழைத்தவர் வீட்டுக்குப் போவோம், பேசிய காசை வாங்குவோம். இந்த இரண்டு தொழிலுக்கும் நடுவில் நின்று பார்த்தபோது எழுந்த ஒரு கேள்வியையே இங்கே எழுத முற்படுகின்றோம். எடுத்த படம் யாருக்குச் சொந்தம்? எடுத்தவருக்கா, காசு கொடுத்தவருக்கா, படத்தில் இருப்பவருக்கா?

சட்டம் இதற்கு ஒரு விடை வைத்திருக்கின்றது. பிரித்தானியாவின் 1956ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, காசு கொடுத்து எடுப்பித்த புகைப்படத்தின் உரிமை எடுப்பித்தவருக்கே இருந்தது. 1988ஆம் ஆண்டுச் சட்டம் 1989 ஓகஸ்ற் முதலாம் திகதி நடைமுறைக்கு வந்ததும் அந்த உரிமை படமெடுப்பவர் கைக்கு மாறிற்று. கனடாவிலும் இதே மாற்றம் 2012 நவம்பரில் வந்தது. ஆனால் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 85ஆம் பிரிவு ஒரு கடிவாளமும் போட்டிருக்கின்றது. தமது சொந்த, வீட்டுத் தேவைக்காக ஒருவர் எடுப்பித்த படத்தை, அவருடைய சம்மதமின்றிப் பொதுமக்களுக்கு வழங்குவதோ பொதுவிற் காட்டுவதோ ஒளிபரப்புவதோ ஆகாது என்கின்றது அது. படக்காரர் சொந்தக்காரராக இருக்கலாம். ஆனால் வீட்டுக்காரரைக் கேளாமல் வெளியே விட முடியாது. நல்ல ஏற்பாடுதான். எனினும் ஒப்பந்தத்தின் கீழே சிறிய எழுத்தில் "விளம்பரத்துக்குப் பாவிக்கலாம்" என்று ஒரு வரியைச் சேர்த்துக் கையொப்பம் வாங்கிவிட்டால் அந்தக் கடிவாளமும் கழன்றுவிடும். விழா அவசரத்தில் அதை வாசிப்பவர் எத்தனை பேர்?

இதிலே மூன்றாமவரைக் காணவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். முகத்துக்கு உரியவரைப்பற்றி 85ஆம் பிரிவு பேசவேயில்லை. காசு கொடுத்தவருக்கும் கமரா பிடித்தவருக்கும் இடையேதான் பேச்சு.

சாமத்தியவீட்டை எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளை. ஊரில் உறவினரும் அயலவரும் கூடிச் செய்த சடங்கு இங்கே ஐந்நூறு பேர் கூடும் விழாவாக வளர்ந்துவிட்டது. பல்லக்கு, குதிரை வண்டி, புகை மேடை, வாசலில் ஆளுயரப் பதாகை. பிள்ளைக்கு மூன்று உடுப்பு மாற்றம். ஒவ்வொன்றுக்கும் பூங்காவில் தனித்தனிப் படப்பிடிப்பு. இதில் பிழை சரி சொல்ல நாம் வரவில்லை; இதனால்தான் எமக்கும் வருமானம் வருகின்றது என்பதை மறைப்பானேன்? ஆனால் அந்தப் படத்தை எடுப்பித்தவர் தகப்பனார். 85ஆம் பிரிவின் உரிமையும் அவருக்கே. முகமோ பிள்ளையினுடையது.

எமக்குத் தெரிந்த படக்காரர் ஒருவர் ஒரு பிள்ளையின் சாமத்தியவீட்டுப் படங்களைத் தம் விளம்பரப் பக்கத்தில் போட்டிருந்தார். தகப்பனாரின் கையொப்பம் முறையாக இருந்தது. ஏழெட்டு வருடம் கழித்து, பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு பெண் அவருக்குத் தொலைபேசி எடுத்தார். "அங்கிள், அது என்ர படம். அப்பாட்டக் கேட்டனீங்கள் சரி. என்னட்டக் கேட்டனீங்களோ?" உடன்படிக்கும் பிள்ளைகள் அந்தப் படத்தைத் தேடிப் பிடித்து, இது என்ன விழா என்று அவரிடம் விளக்கம் கேட்டிருக்கின்றார்கள். நண்பர் படத்தை எடுத்துவிட்டார். பிறகு எம்மிடம் வந்து, சட்டப்படி நான் எடுக்கத் தேவையில்லைத்தானே என்று கேட்டார். 85ஆம் பிரிவின்படி தேவையில்லைத்தான். அப்படியானால் ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டோம். "அந்தப் பிள்ளை கேட்டதுக்கு எனக்கு மறுமொழி இல்லை" என்றார்.

இந்த மறுமொழி இல்லாத இடத்தைத்தான் நாம் யோசித்துப் பார்க்கின்றோம். எமது கணக்குத் தொழிலில் வாடிக்கையாளர் பணக் கணக்கு என்று ஒன்று உண்டு. பிறர் எம்மிடம் நம்பிக் கொடுத்த பணத்தை அதிலேதான் வைக்க வேண்டும். வங்கியில் எமது பெயரில் இருக்கும், காசோலையில் எமது கையொப்பம் இருக்கும், ஆனால் அது எமது சொத்தல்ல. எமது ஏட்டில் அது வரவாக ஏறாது, திருப்பிக் கொடுக்க வேண்டிய பொறுப்பாகவே ஏறும். முகமும் அப்படியானது என்றே எமக்குப் படுகின்றது. அன்றைய உழைப்புக்கும் நேரத்துக்கும் கூலி வாங்கினோம். அது எமது வரவு. அந்த மண்டபத்தில் நாம் சேர்த்துக்கொண்ட முகங்கள் இரவல்.

இவ்வளவோடு நிறுத்தினால் கேள்வி சுலபமாக முடிந்துவிடும்: கேட்டு எடு, கேளாமல் எடாதே. ஆனால் எம்மவர் கதை அவ்வளவு சுலபமானதல்ல.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்திலிருந்து புறப்பட்ட சனத்தில் எமது குடும்பமும் ஒன்று. அரிசியைத் தூக்கினோம், அடையாள அட்டையைத் தூக்கினோம், பள்ளிக்கூடச் சான்றிதழ்களைத் தூக்கினோம். அல்பத்தை யாரும் தூக்கவில்லை, பாரம். திரும்பிப் போனபோது வீட்டுக்குக் கூரையும் இல்லை, அம்மாவின் கலியாணப் படமும் இல்லை. எத்தனையோ குடும்பங்களுக்கு இதே கதைதான். பின்னாளில் அந்த அல்பங்களை மீட்டுத் தந்தவை எவை தெரியுமா? கனடாவுக்கும் ஜேர்மனிக்கும் சுவிசுக்கும் கடித உறைக்குள் வைத்து அனுப்பிய பிரதிகள். வீட்டுக்குள் பூட்டி வைத்தவை அழிந்தன. நாலு பேருக்குக் கொடுத்தவை பிழைத்தன. படத்தைப் பரப்பாதே என்று சொல்ல வாயெடுக்கும் போதெல்லாம் இந்த நினைவு எம்மைத் தடுக்கின்றது.

அதைவிடப் பெரிது ஒன்று உண்டு. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலில், காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். அந்தத் தாய்மார் கையில் ஏந்தியிருந்த படங்களை உற்றுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சில அடையாள அட்டைக்கு எடுத்தவை. சிலவற்றில் பக்கத்தில் நின்ற யாரோ ஒருவரின் தோள் இன்னும் இருக்கும். ஏதோ ஒரு கலியாணவீட்டில், ஏதோ ஒரு பிறந்தநாளில், ஊர்ப் படக்காரர் ஒருவர் கூட்டத்தோடு கூட்டமாகச் சொடுக்கிய படத்திலிருந்து வெட்டிப் பெருப்பித்தது. அந்தப் படக்காரர் யாரிடமும் சம்மதம் கேட்டிருக்க மாட்டார். கேட்டு, அந்த இளைஞன் வெட்கப்பட்டு விலகியிருந்தால், அந்தத் தாயின் கையில் இன்று என்ன இருந்திருக்கும்?

ஆகவே எடாமல் விடுவது எப்போதும் நல்லது என்று எம்மால் சொல்ல முடியாது. எடுப்பது வேறு, வெளியே விடுவது வேறு என்றே பிரிக்க வேண்டியிருக்கின்றது. பிலிம் காலத்தில் இந்தப் பிரிவு தானாக நடந்தது. ஒரு சுருளில் 36 படம். கழுவ வேண்டும், அச்சிட வேண்டும், நெகற்றிவ் ஒரு உறையில் கிடக்கும். இடையில் நாட்கள் கழியும். அந்த நாட்களில் யோசிக்க நேரம் கிடைக்கும். இன்று ஒரு கலியாணத்தில் நாமே இரண்டாயிரம் படம் எடுக்கின்றோம். பெண் மணவறைக்கு ஏறுமுன்பே, விருந்தினரின் கைத்தொலைபேசியிலிருந்து அவர் உடுத்த கூறை எந்த நிறம் என்பது யாழ்ப்பாணத்துக்குப் போய்விடுகின்றது. முன்னர் காலம் செய்த வேலையை இப்போது மனிதன் மனச்சாட்சியால் செய்ய வேண்டியிருக்கின்றது. எடுப்பதில் தாராளமும் விடுவதிற் கஞ்சத்தனமும் வேண்டும் என்பதே எமது கட்சி.

இதற்கு விலக்குகளும் உண்டு. எடுக்கவே கூடாத இடங்கள். கருவறைக்குள் கமராவை நீட்டக்கூடாது என்பது சொல்லாமலே விளங்கும். தேர்த் திருவிழாவில்தான் சிக்கல். வெஸ்ற் ஈலிங்கில் துர்க்கை அம்மன் தேர் ஆவணி வெயிலில் வீதிக்கு வரும்போது அது பொது வீதி. இந்நாட்டில் பொது வீதியில் நிற்பவரைப் படமெடுக்கத் தடையில்லை. கியூபெக்கில் எடுத்ததை வெளியிடுவதற்குக் கட்டுப்பாடு உண்டு. மொன்றியலில் ஒரு கட்டடத்தின் படியில் அமர்ந்திருந்த 17 வயதுப் பெண்ணின் படத்தைக் கேளாமல் சஞ்சிகையில் போட்டது பிழையென்று 1998இல் கனடிய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, 2000 டொலர் நட்டஈட்டை உறுதிசெய்தது. ஆனால் நாம் இருப்பது இலண்டனில். கற்பூரச் சட்டி ஏந்தி வரும் அம்மா ஒருவர் உருவந்து ஆடுகின்றார். கூந்தல் அவிழ்ந்து, சீலை நழுவி, தம்மை மறந்த நிலை. படமாகப் பார்த்தால் அதைவிட உயிருள்ள படம் அன்று கிடையாது. சட்டமும் தடுக்கவில்லை. நாம் அந்த வேளையில் கமராவைக் கீழே இறக்குவோம். தம்மை மறந்திருப்பவரிடம் கேட்க முடியாது, மறுக்கவும் அவரால் முடியாது. அம்மனுக்கு முன்னால் அவர் நின்ற நிலை அது. எமது லென்சுக்கு முன்னால் அல்ல. வேறு சிலர் எடுக்கின்றார்கள், பரிசும் வாங்கியிருக்கின்றார்கள். அவர்களோடு நாம் வாதிட்டதில்லை.

இன்னொரு வகையினர், படம் என்றதும் தூணுக்குப் பின்னால் போகின்றவர்கள். விசா வழக்கு முடியாதவர்கள், ஊரில் மனைவி பிள்ளைகளை விட்டு வந்தவர்கள். 2009இல் ஏப்ரல் முதல் ஜூன் வரை பாராளுமன்றச் சதுக்கத்தில் எம்மவர் நின்றபோது, முகத்தைச் சால்வையால் மூடியவர்களைக் கண்டோம். சில படக்காரர் அவர்களைக் கோழைகள் என்றார்கள். புலம்பெயர் நாடுகளில் நடப்பதையும் இலங்கை அரசு நன்கு அறிந்துவைத்திருக்கின்றது என்று 2013இல் இந்நாட்டு மேல் நியாயசபையே ஒரு வழிகாட்டல் தீர்ப்பில் ஏற்றுக்கொண்டது. அந்தச் சால்வைக்குக் காரணம் இருந்தது. கோயிலில் அன்னதானப் பந்தியில் இருப்பவரும் அதே மனிதர்தான். "தம்பி, என்ர முகம் வராமல் எடுங்கோ" என்று ஒருவர் சொன்னால், ஏன் என்று கேட்பது அழகல்ல.

செத்தவீடு பற்றியும் ஒரு வார்த்தை. ஊரில் பிரேதத்தைச் சுற்றிக் குடும்பம் நின்று படமெடுப்பது வழக்கம். முதலில் அந்தப் படமும், பிறகு வீடியோக் கசற்றும் வெளிநாட்டுக்கு வந்தன. போக முடியாத மகன் வாரக் கணக்கின் பின் அதைப் போட்டுப் பார்த்து அழுதான். 2020இல் கொரோனாவில் ஒரு சிலருக்கு மேல் மண்டபத்துள் விடாதபோது, பக்கத்து ஊரில் இருந்தவரும் திரையிலேதான் கொள்ளி பார்த்தார். அங்கே கமரா இரக்கமில்லாதது என்று எவரும் சொல்ல முடியாது. எனினும் யாருக்காக எடுக்கின்றோமோ அவருக்கு மட்டும் இணைப்பை அனுப்பினால் போதும். ஊருக்கெல்லாம் விடத் தேவையில்லை.

எடுக்காமல் விடப்படுபவர்களைப் பற்றியும் பேச வேண்டும். தலைவருக்குப் பொன்னாடை, செயலாளருக்குப் பொன்னாடை, பிரதம விருந்தினருக்கு இரண்டு. எமது கோப்பில் இவ்வகைப் படங்களுக்குப் பஞ்சமே இல்லை. (சங்கத்தார் கோபிக்கக்கூடாது.) விடியற்காலை நாலு மணிக்கே வந்து மரக்கறி வெட்டியவர்கள் மலரில் ஒரு மூலையிலும் இல்லை. சென்ற முறை அடுப்படிக்குப் போனோம். "என்னை எடுக்கவேண்டாம் தம்பி, வேர்த்து ஒழுகுது" என்று சொன்ன அம்மா, சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அகப்பையோடு நேராக நின்றார். சொல்லுக்கும் நிலைக்கும் இடையில் எது சம்மதம் என்பது அனுபவத்தால் அறிவது.

கோயிலுக்குச் சும்மா எடுக்க வேண்டுமா என்று இளம் படக்காரர் சிலர் எம்மிடம் கேட்பதுண்டு. நாதஸ்வரக்காரருக்கும் பூக்காரருக்கும் கொடுப்பவர்கள் படக்காரருக்கும் கொடுப்பதில் தவறில்லை. கொடுக்க விரும்புபவர், கூலியை வாங்கிக் கணக்கிற் காட்டிவிட்டு நன்கொடையாகத் திருப்பிக் கொடுக்கலாம். வரி கட்டுபவர் காசாகக் கொடுத்தால் ஒவ்வொரு பவுணுக்கும் 25 பென்ஸ் கோயிலுக்கு அரசிடமிருந்து மீள வரும். இலவச உழைப்புக்கு அது வராது.

எமது ஒப்பந்தத்தில் விளம்பர வரியை நீக்கிவிட்டோம். சாமத்தியவீட்டுக்குப் பேச வருபவர்களிடம், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்கின்றோம். எந்தப் படம் வேண்டாம் என்று அவளிடம் தனியே கேட்போம். பதினெட்டு வயதானதும் மூலக் கோப்புகளின் ஒரு பிரதியை அவள் கையிலேயே கொடுப்போம் என்று எழுதிக் கையொப்பம் இடுகின்றோம். சில பெற்றோர் சிரித்தார்கள். ஒருவர், காசு தாறது நாங்களல்லோ என்று கேட்டுவிட்டு வேறு படக்காரரிடம் போனார். சென்ற மாதம் வந்த பிள்ளை ஒருத்தி நெடுநேரம் யோசித்துவிட்டு, பால் அறுகு வைத்துத் தோயவார்க்கும் படம் மட்டும் அல்பத்தில் வேண்டாம், அம்மம்மாவோடு நிற்கும் படம் கூடுதலாக வேண்டும் என்றாள். அப்படியே குறித்துக்கொண்டோம்.