அறிந்தவன் மௌனம்

கொடுப்பதும் கொள்வதும் இன்றி மனித வாழ்வு இல்லை. உப்பு முதல் வீடு வரை எல்லாப் பொருள்களும் ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறிக்கொண்டே இருக்கின்றன. அவ்வாறு மாறும்போது பொருளும் பணமும் மட்டுமே இடம் பெயர்கின்றன என்று நாம் எண்ணுகிறோம். மூன்றாவதாக ஒன்று உண்டு. அது அப்பொருளைப் பற்றிய அறிவு. பல்லாண்டு ஒரு பொருளோடு பழகியவன் அதன் குணத்தையும் குற்றத்தையும் அறிவான். வாங்க வருபவன் அறியான். குற்றத்தைச் சொன்னால் விலை குறையும். சொல்லாது விட்டால் வாங்குபவனுக்குக் கேடு நேரலாம். இந்நிலையில் அறிந்தவன் வாய் திறக்கக் கடமைப்பட்டவனா? கேட்டால் மட்டும் சொன்னால் போதுமா? கேளாமலே சொல்ல வேண்டுமா? இதுவே நாம் இங்கு ஆராயப் புகும் வினா.

இவ்வினாவைக் கூர்மையாக்கிக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று அண்மைக் கால வான்பயண வரலாற்றில் உண்டு. பொழுதுபோக்கிற்காகப் பறக்க விரும்புவோர் வாங்கத்தக்க சிறிய விமானங்களுக்கென அமெரிக்கா 2004ஆம் ஆண்டில் தனி விதிகளை வகுத்தது. 600 கிலோ எடைக்கு மேற்படாத, இருவர் மட்டும் அமரக்கூடிய இலேசான விமானங்கள் அவை. கிறிஸ் ஹைன்ட்ஸ் என்னும் பொறியியலாளர் வடிவமைத்த சோடியாக் சி.எச். 601 எக்ஸ்.எல். என்பது அவ்வகையைச் சேர்ந்தது. தொழிற்சாலையில் முழுமையாகச் செய்யப்பட்டவற்றைச் சிலர் வாங்கினர். உறுப்புகளை வாங்கித் தம் வீட்டுக் கொட்டகையிலேயே ஆண்டுக்கணக்கில் உழைத்துப் பொருத்திப் பறந்தவர் பலர்.

ஆனால் 2006ஆம் ஆண்டு தொடங்கி அவ்வினத்தைச் சேர்ந்த விமானங்கள் சில நடுவானிலேயே சிறகு முறிந்து விழுந்தன. வேகம் கூடும்போது சிறகின் பின்விளிம்பில் உள்ள அசையும் பலகை தானாகவே படபடக்கத் தொடங்கும். அந்நடுக்கம் சிறகு முழுவதும் பரவிச் சில நொடிகளில் அதனைச் சிதைத்துவிடும். விமானவியலார் இதனை ‘ஃபிளட்டர்’ என்பர். பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் அவ்விமானங்கள் பறப்பது நிறுத்தப்பட்டது. 2009 ஏப்ரலில் அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், குறை நீக்கப்படும் வரை அவற்றைத் தரையிலேயே நிறுத்தி வைக்குமாறு அவசரப் பரிந்துரை விடுத்தது. அவ்வாண்டு நவம்பரில் அந்நாட்டின் விமானப் போக்குவரத்து நிர்வாகம், சிறகுகளை வலுப்படுத்தி, அசையும் பலகைகளுக்குச் சமன்செய்யும் எடைகளைப் பொருத்தும் வரை பறக்க வேண்டா என உரிமையாளர்க்கு வன்மையாக அறிவுறுத்தியது.

இனி, அத்தகைய விமானம் ஒன்றின் உரிமையாளர் நிலையை எண்ணிப் பாருங்கள். அவர் குற்றம் செய்தவரல்லர். நம்பி வாங்கினார், சேமிப்பைக் கொட்டினார். ஒரே அறிவிப்பில் அவருடைய சிறகு தரையில் கட்டுண்டது. செப்பனிடப் பணமும் மாதக்கணக்கில் உழைப்பும் வேண்டும். விற்றுவிடலாமா என்ற எண்ணம் எழுவது இயல்பு. விற்கும்போது, ‘எந்திரம் நல்லது, பறந்த நேரம் குறைவு, வண்ணம் புதிது’ என்று சொல்லி நிறுத்திக்கொள்ளலாமா? சிறகு இன்னும் வலுப்படுத்தப்படவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமா?

விமானம் வாங்கி விற்பவர் நம்முள் எத்தனை பேர் என்று வாசகர் கேட்கலாம். விமானத்தை விட்டுவிட்டு நம் மண்ணுக்கு வருவோம். பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில் 1929இல் போ தேயிலை நிறுவனமும் 1933இல் பாரத் தேயிலைத் தோட்டமும் தோன்றின. கூடை சுமந்து கொழுந்து பறித்து அச்சரிவுகளைப் பசுமையாக்கியவர்களுள் பெரும்பாலோர் நம்மவர். அம்மலையின் பழைய லேண்ட் ரோவர் வண்டிகள் நாடறிந்தவை. அரை நூற்றாண்டைக் கடந்த வண்டிகளும் காய்கறி மூட்டைகளைச் சுமந்து செம்மண் பாதைகளில் ஏறி இறங்குவதைக் காணலாம். அவை ஒருவரிடமிருந்து ஒருவராகக் கைமாறி வந்தவை. சமவெளியில் பிரேக் பழுதானால் வண்டி சிறிது தூரம் ஓடி நிற்கும். தானா ராத்தாவிலிருந்து தாப்பாவிற்கு இறங்கும் வளைவுச் சாலையில் பிரேக் பழுதானால் அது நிற்கும் இடத்தைப் பள்ளத்தாக்கே முடிவு செய்யும். அத்தகைய வண்டியை விற்பவனுக்கும் அந்த விமானத்தை விற்பவனுக்கும் முன் நிற்கும் வினா ஒன்றே.

சட்டம் இதற்கு என்ன சொல்கிறது? நம் நாட்டின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 17ஆவது பிரிவு ஏமாற்று என்பது யாது என விளக்குகிறது. வாங்குபவனின் விருப்பத்தை மாற்றக்கூடிய செய்தியைப் பற்றி வெறுமனே மௌனமாக இருப்பது ஏமாற்று ஆகாது என்றும், பேச வேண்டிய கடமை உள்ள சூழ்நிலையில் அம்மௌனம் ஏமாற்றாகும் என்றும் அது கூறுகிறது. இந்தியாவின் 1872ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இதே விதியைக் காணலாம். விதியை விளக்கச் சட்டம் தரும் எடுத்துக்காட்டுகளுள் இரண்டைக் காண்போம். ஒருவன் நலம் குன்றிய குதிரையை ஏலத்தில் விற்கிறான். குறையை அறிந்தும் சொல்லவில்லை. அஃது ஏமாற்று அன்று. அடுத்து, வாங்குபவள் விற்பவனுடைய மகள். இப்போதுதான் உரிய வயதை அடைந்தவள். இங்கே அவ்வுறவின் காரணமாகவே குறையைச் சொல்ல வேண்டிய கடமை தந்தைக்கு உண்டு.

இவ்விரு எடுத்துக்காட்டுகளும் நம் ஆசிரியர்கள் வகுப்பறையில் எடுத்துப் பேசத் தக்கவை. குதிரை ஒன்றே, அதன் நோயும் ஒன்றே, விற்பவனும் அவனே. மாறியது வாங்குபவரின் முகம் மட்டுமே. எதிரே நிற்பவள் மகள் என்றால் வாய் திறக்க வேண்டும். அயலான் என்றால் மூடிக்கொள்ளலாம். 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வணிகர்கள் விற்கும் பொருள்களுக்குத் தர உறுதியைக் கட்டாயமாக்கி இந்நிலையைப் பெரிதும் மாற்றியது. எனினும் ஒரு தனி மனிதன் தன் பழைய வண்டியை மற்றொரு தனி மனிதனுக்கு விற்கும் இடத்தில், பழைய குதிரை இன்றும் நின்றுகொண்டுதான் இருக்கிறது.

இவ்வழக்கு ஈராயிரம் ஆண்டுகட்கு முன்பே நடந்த வழக்குத்தான். உரோமானிய அறிஞர் சிசரோ கி.மு. 44இல் எழுதிய ‘கடமைகள்’ என்னும் நூலில், நோய்க்கேடு உள்ள வீட்டை விற்பவனைப் பற்றிப் பேசுகிறார். டயோஜெனிஸ் என்னும் அறிஞர் விற்பவன் பக்கம் நின்றார்; சட்டம் கேட்பதைச் சொன்னால் போதும், வாங்குமாறு யாரும் வற்புறுத்தவில்லையே என்பது அவர் வாதம். அவர் மாணவர் ஆன்டிபேட்டர் உடன்படவில்லை. வழி தவறியவனுக்கு வழி காட்டாதிருப்பதே பழி என்றால், அவனைத் தெரிந்தே தவற விடுவது அதனினும் கொடிது என்றார். சிசரோவின் தீர்ப்பு மாணவர் பக்கமே சாய்ந்தது. எல்லா மௌனமும் மறைப்பு அன்று. பிறர் அறிய வேண்டியதைத் தன் ஆதாயத்திற்காக அவர் அறியாதபடி வைப்பதே மறைப்பு என அவர் வரையறுத்தார்.

தமிழர் மரபும் இவ்விடத்தில் தெளிவாகவே நிற்கிறது. காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் பிறர் பொருளையும் தம் பொருள்போல் மதித்தனர் எனப் பட்டினப்பாலை பாராட்டுகிறது. நடுவுநிலைமையைப் பேசும் அதிகாரத்தில் வள்ளுவரும் வணிகனுக்கு அதனையே அறமாக வைத்தார். வாய்மை யாது என்ற வினாவிற்குப் பிறர்க்குத் தீங்கு விளைக்காத சொல்லே என அவர் விடை கூறியதையும் இங்கு எண்ண வேண்டும். உண்மைக்கு அவர் வைத்த உரைகல் தீங்கின்மை என்றால், அந்த உரைகல்லில் சொல்லை மட்டுமா உரைத்துப் பார்ப்பது? மௌனத்தையும் உரைத்துப் பார்க்கலாம் அன்றோ? ‘நான் பொய் சொல்லவில்லை’ என்பவனை நோக்கி, ‘உன் மௌனம் யாருக்குத் தீங்கு செய்தது?’ என்று கேட்க அது இடந்தருகிறது.

எனினும் விற்பவன் பக்கத்து நியாயத்தைச் செவிமடுக்காமல் தீர்ப்புக் கூறுதல் முறையன்று. அவன் சொல்வான்: ‘நானும் அறியாமல் வாங்கியவன்தானே? வடிவமைத்தவன் செய்த பிழைக்கு என் சேமிப்பு ஏன் பலியாக வேண்டும்? இழப்பை நான் மட்டும் ஏன் சுமக்க வேண்டும்?’ இவ்வினாவில் கண்ணீர் இருக்கிறது. அதனை எள்ளி நகையாட இயலாது. ஆனால் அவன் முறையீட்டிற்கு இரண்டு திசைகள் உண்டு. ஒன்று மேல்நோக்கியது, செய்தவனிடமும் விற்றவனிடமும் சென்று ஈடு கேட்பது. மற்றொன்று கீழ்நோக்கியது, அறியாத ஒருவன் தலையில் இறக்கி வைப்பது. மேல்நோக்கிக் கேட்பது வழக்காகும், நெடுநாள் பிடிக்கும், தோற்கவும் கூடும். கீழ்நோக்கித் தள்ளுவது ஒரு கையெழுத்தில் முடிந்துவிடும். அந்த எளிமையே அதன் சூழ்ச்சி. அவனுக்கு நேர்ந்தது பணக்கேடு. அவன் கைமாற்றி விடுவதோ உயிர்க்கேடு. அவனுக்கு நேர்ந்தது தற்செயல். அடுத்தவனுக்கு நேரப்போவது அவன் அறிந்து செய்தது. அறியாதபோது அவன் பாதிக்கப்பட்டவன். அறிந்தும் மறைத்தபோது, தன்னை ஏமாற்றியவர் வரிசையில் அவனும் போய் நிற்கிறான்.

‘குறைந்த விலைக்குத்தானே கொடுத்தேன், விலையே குறையைச் சொல்லவில்லையா?’ என்பது அடுத்த வாதம். விலை பேசாது. பிரேக் தேய்ந்ததால் குறைந்த விலையும், அவசரத் தேவைக்காக விற்பதால் குறைந்த விலையும் பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும். மேலும் மலிவு யாரை அழைக்கிறது? கையில் பணம் உள்ளவன் புதியதை வாங்குவான். மலிவைத் தேடி வருபவன் இல்லாதவனே. மலையில் பெய்த நீர் பள்ளத்தை நாடுவதுபோல், மறைக்கப்பட்ட ஆபத்தும் இல்லாதவன் வீட்டை நாடியே இறங்குகிறது.

அப்படியானால் எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் கடமை முடிந்ததா? பெரும்பாலான விற்பனையில் முடிந்துவிடும். குறை அறிந்தவன், விரும்பினால் செப்பனிட்டுக்கொள்வான், விரும்பாவிடில் விலகுவான். அஃது அவன் உரிமை. ஆயினும் அவ்விமானத்தில் இரண்டாவது இருக்கை ஒன்று உண்டு. அதில் அமரப்போகும் நண்பனோ பிள்ளையோ எந்த ஆவணத்திலும் கையெழுத்திடவில்லை. லேண்ட் ரோவரின் பின்புறம் ஏறி வரும் தொழிலாளியிடம் யாரும் பிரேக்கைப் பற்றிச் சொல்லவில்லை. ஆதலின் வாங்குபவன் பொறுப்பற்றவன், செப்பனிடாமலே ஓட்டுவான் என்று தெரிந்தால், சொல்லிவிட்டு விற்பதும் போதாது. செப்பனிட்டு விற்கலாம், எந்திரத்தையும் கருவிகளையும் தனித்தனியே பிரித்து விற்கலாம், ஓடாத பொருளாகத் தொழிற்கல்விக் கூடத்திற்கு அளிக்கலாம்.

சொல்வது மட்டும் போதாது என்பதற்கு நம் தோட்டப்புற வரலாறே சான்று. பாராகுவாட் என்னும் களைக்கொல்லி மிகக் கொடிய நஞ்சு. விழுங்கினால் முறிக்கும் மருந்து இல்லை. நம் நாட்டில் 2002இல் அதற்குத் தடை அறிவிக்கப்பட்டது. 2006இல் தடை தளர்த்தப்பட்டது. 2020 சனவரி முதல் நாள் தொடங்கி முழுத் தடை நடப்புக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007 முதல் அதனைப் பயன்படுத்த இயலாத நிலை ஏற்பட்டது. அதன் பின்னரும் பிரிட்டனில் உள்ள ஆலையில் செய்யப்பட்டு வெளிநாடுகளுக்கு அது அனுப்பப்பட்டு வந்தது. புட்டியின் மேல் எச்சரிக்கை அச்சிடப்பட்டிருந்தது உண்மையே. ஆனால் தோட்டங்களில் மருந்துத் தோம்பை முதுகில் சுமந்து தெளித்தவர்களுள் நம் தாய்மார்கள் பலர். எழுத்தறியாத கையில் எச்சரிக்கை வெறும் கோடுதான். எழுத்தறிந்தவளுக்கும், ‘இன்று தெளிக்கமாட்டேன்’ என்று கங்காணியிடம் மறுக்கும் உரிமை இருந்தாலன்றி அவ்வறிவால் பயனில்லை. அறிவித்தல் அறமாக வேண்டுமானால், கேட்பவருக்கு அது புரிய வேண்டும். மறுக்கவும் அவருக்கு வழி இருக்க வேண்டும்.

மீண்டும் அச்சட்ட நூலின் பக்கத்திற்கு வருவோம். மகளுக்குச் சொல்ல வேண்டும் என்று சட்டம் எழுதியது ஏன்? அவள் இளையவள், தந்தையை நம்பி நிற்பவள், குதிரையைச் சோதித்தறியும் பயிற்சி இல்லாதவள். இக்காரணங்கள் குருதி உறவைச் சார்ந்தவையா? முதன்முறை விமானம் வாங்க வரும் இளைஞனுக்கும் அவை பொருந்தும். சேமித்த பணத்தை எண்ணிக் கொடுத்துப் பழைய வண்டி வாங்கும் தோட்டத் தொழிலாளிக்கும் பொருந்தும். அவர்களும் நம்பியே நிற்கின்றனர். மகள் என்று சட்டம் குறித்த இடத்தில், நம்மை நம்பி அறியாமல் நிற்கும் ஒவ்வொருவரையும் வைத்துப் படிப்பதே அறநூல் படிக்கும் முறை.

மாணவர்களே, நாளை நீங்களும் எதையேனும் விற்பீர்கள். அது மிதிவண்டியாகவோ வீடாகவோ இருக்கலாம். அன்று உங்கள் எதிரே பணத்தோடு ஒருவர் வந்து நின்று, நீங்கள் அறிந்த குறையை அறியாமல் புன்னகை புரிவார். சட்டம் உங்களைப் பேசச் சொல்லாமல் இருக்கலாம். அவ்வேளையில் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இதே விலைக்கு, இதே சொற்களோடு, என் மகளுக்கு இதை விற்பேனா? விற்கமாட்டேன் என்று நெஞ்சம் சொல்லுமாயின், கையெழுத்திடுவதற்கு முன் பேசிவிடுங்கள்.