படையல் உணவும் அயலார் மனச்சாட்சியும்

தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்தில் உள்ள தீர்த்தமலைக்குச் செல்வோர், மலைமேல் தீர்த்தகிரீசுவரரை வணங்கி, இராமர் தீர்த்தத்தில் தலை நனைத்து, அந்நீரைப் புட்டிகளில் பிடித்துக்கொண்டு இறங்குவது நெடுநாள் வழக்கம். கொண்டுவந்த தீர்த்தத்தையும் திருநீற்றையும் உடைத்த தேங்காய் மூடியையும் அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுப்பதும் அவ்வழக்கத்தின் பகுதியே. அவ்வீடுகளுள் ஒன்று கிறித்தவர் வீடாக இருந்தால், அதைக் கைநீட்டி வாங்கலாமா, வாங்கியதை உண்ணலாமா என்னும் கேள்வி எழுகிறது. சிறியதாகத் தோன்றும் இக்கேள்விக்கு விடை தேடிக் கிறித்தவ மரபுகள் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாக ஒரே வேதப் பகுதியைத் திரும்பத் திரும்பப் புரட்டி வந்துள்ளன.

அப்பகுதி, திருத்தூதர் பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் நிருபத்தின் 8 முதல் 10 வரையுள்ள அதிகாரங்கள். சிலைக்கு உயிரில்லை, ஆகவே அதன்முன் படைத்த உணவும் வெறும் உணவே என்று அச்சபையில் சிலர் வாதிட்டனர். பவுல் அந்த அறிவை மறுக்கவில்லை. ஆனால் நேற்றுவரை அச்சிலையை வணங்கிவந்த ஒருவர், பிறர் உண்பதைப் பார்த்துத் தம் மனச்சாட்சிக்கு மாறாகத் தாமும் உண்டு நிலைகுலையக்கூடும் என்று அவர் எச்சரித்தார். ஒருவருடைய உரிமை மற்றொருவருக்குத் தடுக்கிவிழும் கல்லாவதையே கிறித்தவர் 'இடறல்' என்பர். கோயில் பந்தியில் அமரக் கூடாது, கடையில் விற்கும் இறைச்சியை விசாரிக்காமல் வாங்கி உண்ணலாம், அயலார் விருந்துக்கு அழைத்தால் பரிமாறியதை உண்ணலாம், ஆனால் அது படைக்கப்பட்டது என்று எவரேனும் சொன்னால் சொன்னவரின் மனச்சாட்சியை முன்னிட்டு விலக வேண்டும் என்று, ஒரே உணவுக்கு இடத்தையும் உடனிருப்போரையும் பொறுத்து அவர் வெவ்வேறு விடை தருகிறார்.

பின்வந்தோர் பெரும்பாலும் கண்டிப்பான பக்கமே சாய்ந்தனர். 2-ஆம் நூற்றாண்டில் கிறித்தவ எழுத்தாளர் ஜஸ்டின், கிறித்தவர் படையலை உண்பதைவிடச் சாவையே ஏற்பர் என எழுதினார். பசியால் வாடும் வழிப்போக்கர்கூட, படையல் என்று உறுதியாகத் தெரிந்த உணவை மறுப்பதே மேல் என்பது திருச்சபைத் தந்தை அகுஸ்தீனுடைய கருத்து. தமிழகத்தில் இக்கேள்வி உணவைத் தாண்டி அடையாளங்கள் வரை நீண்டது. 1606-இல் மதுரைக்கு வந்த இயேசு சபைக் குரு இராபர்ட் தெ நொபிலி, கிறித்தவரானோர் வைத்துக்கொள்ளும் குடுமி, பூணூல், சந்தனம் ஆகியவை சமூக அடையாளங்களே, வழிபாடு அல்ல என்று வாதிட்டார். 1623-இல் திருத்தந்தை 15-ஆம் கிரகோரி அதனை நிபந்தனைகளுடன் ஏற்றார். சமூகம் எங்கே முடிந்து வழிபாடு எங்கே தொடங்குகிறது என்னும் அந்த வழக்கு, இவ்வழக்கங்களைக் குறித்த 1744-ஆம் ஆண்டின் திருத்தந்தை ஆணைக்குப் பிறகும் ஓயவில்லை. இன்றும் பெந்தெகோஸ்தே சபையினர் பிரசாதத்தை வெளிப்படையாக மறுப்பர். கத்தோலிக்கருள் பலர் அன்பளிப்பாகக் கருதி வாங்கிக்கொள்வர்.

மறுப்பவர் பக்கம் உள்ள நியாயத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. முதல் தலைமுறைக் கிறித்தவர் ஒருவருக்கு அத்தேங்காய் மூடி வெறும் தேங்காய் அன்று. அவர் விட்டுவந்த வாழ்வு முழுவதும் அதில் இருக்கிறது, அவர் எதிரில் சரளமாக உண்பவர் தம் அறிவைக் காட்டிக்கொள்கிறாரேயன்றி அன்பைக் காட்டவில்லை. ஆயினும் கொடுப்பவர் எதிரில் முகம் சுளிப்பதும், அவர் தெய்வத்தைப் பேய் என்று பழிப்பதும் மற்றொரு மனச்சாட்சியைப் புண்படுத்துகின்றன. சொன்னவரின் பொருட்டு விலகு என்று பவுல் எழுதும்போது, சொன்னவரும் கணக்கில் வைக்கப்படுகிறார். வாங்குவது போல வாங்கி, கதவைச் சாத்தியபின் கோழிக்குப் போடுவதோ குப்பையில் கொட்டுவதோ இவை எல்லாவற்றிலும் கீழானது, ஏனெனில் அதில் விசுவாசத்துக்குச் சாட்சியும் இல்லை, அயலாருக்கு உண்மையும் இல்லை. உண்ண இயலாதவர் அதைப் பணிவுடன் வாய்திறந்து சொல்லலாம். பல ஆண்டுகள் அடுத்தடுத்து வாழ்ந்தவர்கள் அதைத் தாங்கிக்கொள்வார்கள்.

அதே அக்கம்பக்கத்தில் கிறிஸ்துமஸ் கேக்கும், வேளாங்கண்ணியிலிருந்து கொண்டுவந்த எண்ணெயும் இந்து வீடுகளுக்குள் செல்கின்றன, பெரும்பாலும் மறுக்கப்படுவதில்லை. மந்திரித்த எண்ணெயை அன்பென்று கொடுத்துவிட்டுத் தீர்த்தத்தைத் தீட்டு என்று தள்ளும் வீடு, பிறர் உங்களுக்குச் செய்ய வேண்டும் என்று விரும்புவதை நீங்களும் அவர்களுக்குச் செய்யுங்கள் என்னும் மத்தேயு நற்செய்தியின் கட்டளைக்கு விடை சொல்லியாக வேண்டும். எண்ணெய் கொடுக்கும் வழக்கமே இல்லாத சபையினருக்கு இக்குற்றச்சாட்டு அப்படியே பொருந்தாது. ஆனால் பவுலின் அறிவுரை, கிறித்தவர் அயலார் வீட்டுக்கு அழைக்கப்படுகிறார், அழைப்பை ஏற்றுச் செல்கிறார் என்பதைத் தொடக்கத்திலேயே வைத்துக்கொண்டு எழுதப்பட்டது என்பது அவர்களுக்கும் பொருந்தும். தீர்த்தத்தை மறுத்த கையோடு அவ்வீட்டுக் கலியாணச் சாப்பாட்டையும் சாவு வீட்டையும் தவிர்த்து வருபவர், அப்பகுதியில் விலக்கை மட்டும் படித்துவிட்டு, விலக்குக்கு முன்பே இடம்பெற்றுள்ள விருந்தைப் படிக்காமல் விட்டவராவார்.