உடைமை இல்லாத உரிமை

2023 ஜூலை 12 அன்று தமிழ்நாடு பிரீமியர் லீக்கின் இறுதி ஆட்டம் திருநெல்வேலியை அடுத்த சங்கர் நகர் மைதானத்தில் நடந்தது. ஊர்ப் பெயரைத் தாங்கிய நெல்லை ராயல் கிங்ஸ் சொந்த மண்ணிலேயே கோவை கிங்ஸிடம் 104 ரன் வித்தியாசத்தில் தோற்றது. அந்த அணியின் பூர்வீகத்தைக் கிளறினால் ஒரு சங்கடம் எழுகிறது. 2016இல் லீக் தொடங்கியபோது அது திருவள்ளூர் வீரன்ஸ். 2018இல் காஞ்சி வீரன்ஸ். 2021இல்தான் நெல்லையின் பெயரைச் சூடியது. அதே நேரத்தில் இன்னொரு அணி இந்தப் பக்கத்தை விட்டுப் போனது. தாமிரபரணி கடலில் கலக்கும் தூத்துக்குடி மாவட்டத்தின் பெயரில் ஆடி, லீக்கின் முதல் கோப்பையை வென்ற டூட்டி பேட்ரியாட்ஸ், 2021 சீசனில் சேலம் ஸ்பார்ட்டன்ஸ் ஆகிவிட்டது. ஆட்டக்காரர்கள் ஏலத்தில் மாறுகிறார்கள், கேப்டன் மாறுகிறார், பெயர் மாறுகிறது, ஊரே மாறுகிறது. இத்தனையும் மாறிய பிறகு ரசிகர் ‘எங்க டீம்’ என்று உரிமை கொண்டாடுவது எதன்மீது? அது வெறும் மயக்கமா? மயக்கம் இல்லையென்றால், எந்தப் பங்கும் கையில் இல்லாதவருக்கு அந்த உரிமை எங்கிருந்து வந்தது?

சட்டென்று கிடைக்கும் பதில், இது வியாபாரம் என்பது. ஓனர் பணம் போட்டார், அணி அவருடையது, ரசிகர் டிக்கெட் வாங்கினார், மூன்று மணி நேர ஆட்டம் அவருடையது, கணக்கு தீர்ந்தது. இந்தப் பதிலைச் சோதிக்கத் திருநெல்வேலியைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. 1946இல் தொடங்கப்பட்ட இந்தியா சிமெண்ட்ஸின் முதல் ஆலை எழுந்தது தாழையூத்துச் சுண்ணாம்புக் கல்லை நம்பித்தான். சங்கர் நகர் என்ற பெயரே அதன் நிறுவனர் சங்கரலிங்க ஐயரின் நினைவாக வந்தது. அந்த நிறுவனம்தான் 2008இல் 9 கோடியே 10 லட்சம் டாலருக்கு ஐ.பி.எல்.லின் சென்னை சூப்பர் கிங்ஸை வாங்கியது. பிறகு அணி தனிக் கம்பெனியாகப் பிரிக்கப்பட்டது; 2024 டிசம்பரில் சிமெண்ட் நிறுவனம் அல்ட்ராடெக் வசம் போனது. ஆலை ஒருவருக்கு, அணி இன்னொருவருக்கு என்று ஆனபோது ரசிகர்களின் பற்றில் ஒரு மாற்றமும் இல்லை. சிமெண்ட் வாங்குகிறவர் விலை ஏறினால் அடுத்த கம்பெனி மூட்டைக்குப் போய்விடுவார். 2016, 2017 இரண்டு ஆண்டுகள் சென்னை அணி தடை செய்யப்பட்டிருந்தபோது அதன் ரசிகர்கள் அப்படிப் போகவில்லை. 2018இல் காவிரிப் போராட்டத்தால் ஆட்டங்கள் சேப்பாக்கத்திலிருந்து புனேவுக்கு மாற்றப்பட்டபோது தனி ரயிலேறிப் போனார்கள். வாடிக்கையாளர் என்ற சொல் இவர்களுக்குப் பொருந்தாது. இன்னும் சொன்னால், ரசிகர் வேறு கடைக்குப் போகமாட்டார் என்ற உறுதியைத்தான் ஓனர் பணம் கொடுத்து வாங்குகிறார். அணியின் விலையில் பெரும்பகுதி அந்தப் பற்றின் விலை. அதை விலையில் சேர்த்துக்கொண்டு, பேச்சு வரும்போது மட்டும் ‘உனக்கென்ன உரிமை’ என்று கேட்பது நியாயமாகாது.

உடைமைக்கும் வாடிக்கைக்கும் நடுவில் மூன்றாவதாக ஓர் உறவு உண்டு. நம் ஊருக்கு அது புதிதல்ல. நெல்லையப்பர் கோயில் பக்தரின் சொத்தல்ல. சட்டத்தின் கண்ணில் கோயில் சொத்துக்கு உடையவர் சாமிதான். ஆனால் தமிழ்நாட்டின் 1959ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டம், கோயிலில் ‘அக்கறை உள்ளவர்’ யார் என்பதை வகுக்கும்போது, அங்கே வழிபட உரிமை உள்ளவரையும் வழக்கமாக வழிபட வருபவரையும் அதில் சேர்க்கிறது. நன்கொடைத் தொகையை அது பார்ப்பதில்லை. திரும்பத் திரும்ப வந்து நிற்பதே ஒருவருக்குக் கேள்வி கேட்கும் தகுதியைத் தந்துவிடுகிறது. 2024 ஆனித் தேரோட்டத்தில் வடம் அறுந்தபோது, வடத்தின் தரத்தைப் பற்றி நிர்வாகத்தைக் கேட்டவர்கள் அந்தத் தகுதியில்தான் கேட்டார்கள். தேரை விற்கவோ ஓடும் வீதியை மாற்றவோ அவர்களுக்கு அதிகாரம் கிடையாது. ‘ஏன் இப்படி ஆயிற்று’ என்று கேட்டுப் பதில் பெறும் உரிமை உண்டு. கிரிக்கெட்டிலும் இதே தர்க்கம் நீதிமன்றம் ஏறியிருக்கிறது. வாரிய நிர்வாகியே அணியில் வணிக நலன் வைத்துக்கொள்ள வழிசெய்த விதித் திருத்தத்தை 2015 ஜனவரி 22 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. வாரியம் தனியார் சங்கமாக இருந்தாலும் அது செய்வது பொதுப் பணி, ஆகவே ரிட் அதிகார வரம்புக்கு உட்பட்டது என்றும் சொன்னது. கோடிக்கணக்கானவர்கள் மனம் வைத்த ஒன்றை நடத்துகிறவர், ‘இது என் வீட்டு விஷயம்’ என்று கதவைச் சாத்திக்கொள்ள முடியாது என்பதே அதன் சாரம்.

சரி, அந்த உரிமையை ரசிகர் எதற்குப் பயன்படுத்துகிறார்? 2025 நவம்பரில் நடந்த டிரேடை எடுத்துக்கொள்வோம். சஞ்சு சாம்சன் சென்னைக்கு வந்தார்; ரவீந்திர ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தானுக்குப் போனார்கள். நெல்லை டவுன் ரத வீதியின் எந்த டீக்கடையிலும் இது இரண்டு கட்சியாகப் பிரிந்திருக்கும். ‘இத்தன வருசம் உழைச்ச மனுசன்லா, இப்படியா வெளிய அனுப்புவாவ?’ என்பது ஒரு கட்சி. ‘வயசு முப்பத்தாறு ஆயிட்டு, இன்னும் எத்தன நாளைக்கு ஓடுவாரு?’ என்பது மறு கட்சி. முதல் கட்சி 2023 ஐ.பி.எல். இறுதி ஆட்டத்தின் கடைசி இரண்டு பந்துகளைச் சாட்சிக்கு இழுக்கும்: பத்து ரன் வேண்டியிருந்தது, ஜடேஜா ஒரு சிக்ஸரும் ஒரு பவுண்டரியும் அடித்துக் கோப்பையைக் கொண்டுவந்தார். மறு கட்சி, 31 வயது விக்கெட் கீப்பர் ஒருவர் கிடைப்பதைக் காட்டும்; தோனிக்குப் பிறகு யார் என்று கேட்கும். பேச்சு கிரிக்கெட் பேச்சுத்தான். உள்ளே ஓடுவது அறநெறிக் கேள்வி: நேற்றைய உதவிக்கு நன்றி எத்தனை காலம் செல்லும்? அணியின் நாளைய நலனுக்கும் ஒரு மனிதருக்குப் பட்ட கடனுக்கும் மோதல் வந்தால் எது முந்தும்? செய்ந்நன்றியறிதலுக்கு ஓர் அதிகாரமும் தெரிந்து செயல்வகைக்கு ஓர் அதிகாரமும் வகுத்த வள்ளுவர், இரண்டும் எதிரெதிரே வந்து நின்றால் என்ன செய்வது என்பதை நம் யோசனைக்கு விட்டிருக்கிறார். அந்த யோசனை பெரும்பாலும் மண்டபங்களில் நடப்பதில்லை. இப்படிப்பட்ட இடங்களில்தான் நடக்கிறது.

அதே வள்ளுவர் ‘பயனில சொல்லாமை’க்கும் ஓர் அதிகாரம் வைத்திருக்கிறார் என்று ஒருவர் மறிக்கலாம். டீக்கடையில் எவ்வளவு பேசினாலும் டிரேட் நின்றதா, விதி மாறியதா? இந்த மறுப்பை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் பயன் என்பதை முடிவைத் திருப்புவது என்று மட்டும் கொண்டால், நீதியைப் பற்றி மனிதர் பேசும் பேச்சில் பாதி பயனற்றதாகிவிடும். விளையாட்டு விதிகளோ பேச்சினால் நகரவே செய்கின்றன. 2019 மார்ச்சில் ஜெய்ப்பூரில் அஸ்வின், பந்து வீசும் முன்பே கோட்டைவிட்டு வெளியேறிய ஜோஸ் பட்லரை ரன் அவுட் ஆக்கினார். விதிப்படி சரி, ஆனால் முறையா என்று உலகமே இரண்டுபட்டது. எச்சரிக்கை கொடுத்திருக்க வேண்டும் என்றார்கள் சிலர். கோட்டுக்கு வெளியே திருட்டு ஓட்டம் ஓடுகிறவருக்கு எதற்கு எச்சரிக்கை என்றார்கள் மற்றவர்கள். 2022இல் விதிகளின் காவலரான எம்.சி.சி., அந்த ஆட்டமிழப்பை ‘நியாயமற்ற ஆட்டம்’ பிரிவிலிருந்து எடுத்துச் சாதாரண ‘ரன் அவுட்’ பிரிவில் சேர்த்தது. ஒரு டீக்கடை வாக்குவாதம் அதைச் செய்துவிட்டது என்று எவரும் சொல்லமாட்டார்கள். ஆயினும் பந்து வீச்சாளரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திய பழைய எண்ணம் தளர்ந்தது, ஆயிரம் இடங்களில் மக்கள் மாற்றி மாற்றிக் கேட்ட கேள்விகளால்தான்.

இதைவிட ஆழமான மறுப்பு சமயத்திலிருந்து வருகிறது. ‘யான்’, ‘எனது’ என்னும் செருக்கே பிறவிக் கட்டின் வேர் என்பது சைவ சித்தாந்தத்தின் துணிபு. தாமிரபரணிக் கரையில் ஆழ்வார்திருநகரியில் அவதரித்த நம்மாழ்வாரும் அதைத்தான் வேரோடு களையச் சொன்னார். அப்படியிருக்க, முன்பின் தெரியாத பதினோரு பேரை ‘எங்கள்’ என்று கட்டிப்பிடித்துக்கொள்வது இன்னொரு பாசக்கயிறுதானே? இதற்குப் பதிலும் அந்த ஆழ்வாரிடமே இருக்கிறது. எனது என்பதை விடச் சொன்னவர், எங்கும் நிறைந்த பொருளைப் பொதுவாகப் பாடிவிட்டு நிறுத்திக்கொள்ளவில்லை. ஊர் ஊராக, அந்தந்த ஊர்ப் பெருமாளாகப் பெயர் சொல்லிப் பாடினார், நாயகியாகி ஏங்கினார், ஊடினார். உடைமை எண்ணம் கழன்ற பிறகும் குறிப்பிட்ட ஒன்றின்மேல் அன்பு நிற்க முடியும், அந்த அன்பு கேள்வியும் கேட்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. விளையாட்டைப் பக்தியோடு சமப்படுத்துவது என் நோக்கமன்று. ஒன்று முக்தியைத் தேடுகிறது, மற்றது கோப்பையை. இரண்டிலும் பற்றைச் சோதிக்கும் உரைகல் ஒன்றுதான் என்கிறேன்: நேசிக்கிறவர் நேசிக்கப்படுவதைத் தன் சொத்தாக நினைக்கிறாரா இல்லையா?

அப்படி நினைக்கத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதையும் கண்டிருக்கிறோம். 2023 ஐ.பி.எல்.லில் தோனி ஆட வருவதைப் பார்ப்பதற்காக, தங்கள் அணியின் ஜடேஜா எப்போது அவுட் ஆவார் என்று சேப்பாக்கம் காத்திருந்தது. தான் மேலே இறங்கினால் ரசிகர்கள் தன் விக்கெட்டுக்காகக் காத்திருப்பார்கள் என்று ஜடேஜாவே வெளிப்படையாகச் சொன்னார். மறு ஆண்டு, குஜராத்திலிருந்து வந்து ரோகித் சர்மாவின் இடத்தில் கேப்டனான ஹார்திக் பாண்டியாவை மும்பையின் சொந்த மைதானமே கூச்சலிட்டு அவமதித்தது. முடிவெடுத்தது நிர்வாகம், ஏச்சு வாங்கியது ஆட்டக்காரர். உலகக் கோப்பை வென்று ஜூலையில் திரும்பியதும் அதே வான்கடே அவர் பெயரைச் சொல்லி ஆர்ப்பரித்தது. இந்த இடத்தில் அமெரிக்க பேஸ்பால் வீரர் கர்ட் ஃப்ளட்டை நினைத்துக்கொள்வது நல்லது. செயின்ட் லூயிஸ் அணிக்குப் பன்னிரண்டு சீசன் ஆடியவரை 1969இல் கேட்காமலே பிலடெல்பியாவுக்கு மாற்றினார்கள். தான் விற்று வாங்கும் பண்டம் இல்லை என்று அவர் மறுத்தார். வழக்குப் போட்டு 1972இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். சில ஆண்டுகளில் மற்ற ஆட்டக்காரர்களுக்கு அந்த விடுதலை வந்தே சேர்ந்தது. ஓனரின் சொத்தாக இருக்க மறுத்தவர் ரசிகரின் சொத்தாக மட்டும் இருக்கச் சம்மதிப்பாரா? ஜடேஜாவை அனுப்பியது நன்றிகெட்ட செயல் என்று நிர்வாகத்தை ரசிகர் கேட்கலாம். ஜடேஜாவே போக விரும்பியிருந்தால் அவரைத் துரோகி என்று சொல்ல எவருக்கும் உரிமை கிடையாது.

ஆகவே ரசிகரின் உரிமைக்கு ஓர் எல்லையும் ஒரு நிபந்தனையும் உண்டு. எல்லை: அது காரணம் கேட்கும் உரிமை, ஆளும் உரிமையாகாது. நிபந்தனை: கேட்கிறவர் நடுவுநிலை தவறக் கூடாது. சர்வதேச ஆட்டம் ஆடி ஐந்து ஆண்டு ஆனவரை, நாட்டுக்கு ஆடாத வீரரின் கணக்கில் சேர்க்கும் பழைய விதி 2025 சீசனுக்காக மீண்டும் உயிர்பெற்றது. சென்னை அணி தோனியை 4 கோடி ரூபாய்க்குத் தக்கவைத்துக்கொண்டது. இதை ஆதரிக்கும் ரசிகர் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றே: இதே விதியால் மும்பைக்கு இதே லாபம் கிடைத்திருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? பதில் மாறாது என்றால் அவர் பேசுவது நியாயம். மாறும் என்றால் அவரும் ஓனரின் கணக்கைத்தான் போடுகிறார், பணம் போடாமல்.

‘கேட்கலாம், ஆனால் பதில் சொல்ல யாரும் இல்லையே’ என்பது கடைசி மறுப்பு. 2023 ஜூனில் அமெரிக்காவின் ஓக்லாந்தில் பேஸ்பால் ரசிகர்கள், தங்கள் அணியை வேறு ஊருக்குக் கொண்டுபோக நினைத்த ஓனரை எதிர்த்து, மைதானத்தைப் புறக்கணிப்பதற்குப் பதிலாக நிரப்பிக் காட்டினார்கள். 2024 சீசன் முடிந்ததும் அணி போய்விட்டது. ஆனால் ஓர் உரிமை மதிக்கப்படவில்லை என்பதால் அது இல்லாமலே போய்விட்டதாகச் சொல்ல முடியாது. அப்படிச் சொன்னால் உலகில் அநீதி என்று ஒன்று நடந்ததே இல்லை என்றாகிவிடும். வழக்கமாக வருகிறவருக்குக் கேள்வி கேட்கும் தகுதி உண்டு என்பதைக் கோயில் விஷயத்தில் சட்டமாக எழுதிவைத்த மாநிலம் இது. ஓர் அணியை ஊர் மாற்றும் முன், பெயர் மாற்றும் முன், இத்தனை சீசனாக வந்தவர்களிடம் காரணத்தைப் பொதுவில் சொல்லி அவர்கள் மறுப்பையும் கேட்க வேண்டும் என்று லீக் விதிகளில் ஒரு பிரிவு சேர்ப்பது பெரிய காரியமில்லை. முடிவு ஓனருடையதாகவே இருக்கட்டும். காரணம் சொல்லாமல் முடிவெடுக்கும் வசதியை மட்டும் அவரிடமிருந்து எடுத்துவிடலாம். தூத்துக்குடியில் நின்றவருக்கும் நெல்லையில் நிற்பவருக்கும் குறைந்தபட்சம் இவ்வளவு கடன் இருக்கிறது.